மூணாள் பீரோ

செருப்பைக் கழற்றும்போதே தராசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. படுக்கையறையிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த அறையில் வெளிச்சம் இருக்க நியாயமில்லை. நட்ட நடுப்பகலில்கூட விளக்கைப் போட்டால்தான் அங்கே சட்டை எது, துண்டு எது என்று தெரியும். மனைவி விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டாளா என்று எட்டிப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. சன்னல் திறந்திருந்தது. அந்த அறைக்கு ஒரு சன்னல் உண்டு என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. நான்கு வருடமாக அதை அடைத்துக்கொண்டு நின்ற இரும்பு பீரோ, ஆறடி தள்ளி, இடதுபக்க மூலையில், பிறந்ததிலிருந்தே அங்கேதான் நிற்கிறேன் என்பதுபோல நின்றுகொண்டிருந்தது.

தராசு என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் சுமை தூக்குகிறான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சாமான்களை ஒரு சுற்றுப் பார்ப்பான், சிலதை விரல் முட்டியால் தட்டுவான், பிறகு ஆள் கணக்குச் சொல்லிவிடுவான். அவன் உலகத்தில் கிலோ என்ற ஒன்று கிடையாது. துணி துவைக்கும் மிஷின் ரெண்டாள். சாப்பாட்டு மேசை ரெண்டாள். பெரிய மெத்தை ஒன்றரை ஆள். எடை ஒரு ஆளுக்குத்தான், ஆனால் மடங்கி மடங்கி உயிரை வாங்கும் என்பதால் அந்த அரை. "அரை ஆளுக்கு நான் எங்கடா போறது?" என்று மேஸ்திரி கேட்டால், "அதான் ஒட்டகம் இருக்கானே" என்பான். ஒட்டகம் அவனுடைய கூட்டாளி. நெட்டையன், கூனல் முதுகு. அவனும் சேர்ந்து சிரிப்பான். பன்னிரண்டு வருடத்தில் தராசின் கணக்கு தப்பியதில்லை. மேஸ்திரியே அவன் சொல்கிற எண்ணிக்கையைக் கேட்டுத்தான் வண்டியில் ஆள் ஏற்றுவார்.

அந்தக் கணக்கின்படி இந்த பீரோ மூணாள். காலியாக இருந்தாலே ரெண்டாள், நிறைந்திருந்தால் மூணாள். பழைய காலத்துக் கனத்த தகடு, கதவில் ஆளுயரக் கண்ணாடி, காலுக்குப் பதிலாக அடியில் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டங்கள். கல்யாணமான புதிதில் அவனும் ஒட்டகமும் இன்னொருத்தனுமாகத்தான் இரண்டு மாடி ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அறைக்குள் வந்ததும் மூன்று பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. சன்னல் முன்னால் இறக்கி வைத்தார்கள். "நாளைக்குத் தள்ளிக்கலாம்" என்றான் தராசு. அந்த நாளை வரவேயில்லை. மனைவி மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை அவன், "ஊரு பீரோவெல்லாம் தூக்கிட்டு வரேன், வீட்டுக்கு வந்தும் பீரோவா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

இப்போது அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?"

"இது எப்படி அங்க போச்சு?"

"நகத்தினேன்."

"யாரு?"

"நான்தான்."

தராசு சிரித்தான். நல்ல சிரிப்புத்தான், அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு சிறுமி நான் லாரி ஓட்டினேன் என்றால் சிரிப்போமே, அந்த மாதிரி. சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து பார்த்தான். எல்லாம் அடுக்கு குலையாமல் இருந்தது. மேலே பார்த்தான். மேலே இருந்த அட்டைப்பெட்டிகளின் மீது நான்கு வருடத் தூசி, ஒரு விரல்தடம்கூட இல்லாமல் படிந்திருந்தது. எதையும் இறக்கவில்லை. நிறைந்த பீரோ அப்படியே நகர்ந்திருக்கிறது. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"நெம்பினேங்க" என்றாள் அவள். மத்தியானத்திலிருந்து சொல்லக் காத்திருந்தவள்போல வேகமாகச் சொன்னாள். "மாடிப்படிக்கு அடியில பழைய நிலைச்சட்டம் ஒண்ணு கிடக்குல்ல, அத எடுத்துட்டு வந்தேன். செங்கல் ஒண்ணு. மொட்டைமாடியில துணி காயப்போடுற குழாய் உடைஞ்சு கிடந்துச்சே, அதுல மூணு துண்டு. நெம்பித் தூக்கி, அடியில குழாயக் குடுத்து, பின்னாடி இருந்து தள்ளினா, தேர் மாதிரி போகுது."

"நெம்பலாம். யாரு வேணா நெம்பலாம்" என்றான் தராசு. "நீ சட்டத்த அழுத்திப் பிடிச்சிட்டு இங்க நிக்கிற. குழாய் அங்க இருக்கு. அத அடியில செருகினது யாரு?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேட்டது குழாயைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போலிருக்கிறது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு மெல்ல உதிர்ந்தது.

"என்ன கேட்டீங்க?"

"செருகினது யாருன்னு கேட்டேன்."

"நான் சொன்னா நம்புவீங்களா?"

"சொல்லு, பாக்கலாம்."

"பாத்துட்டு நம்புறதுக்கு நான் எதுக்கு சொல்லணும்" என்றாள். அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் வைக்கும் சத்தம்கூட வழக்கம்போலத்தான் இருந்தது. கோபமாக வைத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் உள்ளே இருக்கும்போதே தராசு மண்டியிட்டுத் தரையைப் பார்த்தான். சிமெண்டுத் தரை பொய் சொல்லாது. சட்டம் போட்ட பீரோவை இழுத்தால் இரண்டு கோடு விழும். எத்தனை வீட்டுக்காரர்களிடம் அந்தக் கோட்டுக்காக வசவு வாங்கியிருக்கிறான். இங்கே கோடே இல்லை. தரையில் உராயாமல் பீரோ போயிருக்கிறது என்றால் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சட்டமும் குழாயும் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருந்தது உண்மை. கேட்டால் காட்டுவதற்கு வைத்திருக்கலாம். பிறகு, சன்னலுக்குக் கீழே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, வெள்ளையாக ஒரு வட்டம் கண்ணில் பட்டது. உப்புத்தண்ணீர் காய்ந்த தடம். வாளி வைத்த தடம்.

அதைக் கிட்டப் போய்ப் பார்த்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் தரை துடைத்திருக்கிறாள் என்று போயிருப்பார்கள். தராசுக்குத் தெரியும். சுமைக்காரர்கள் ஒரு வீட்டில் வேலையை முடித்ததும் முதலில் கேட்பது தண்ணீர். குடிக்க அல்ல, கை கழுவ. பீரோத் தூசியும் துருவும் கையில் அப்பிக்கொண்டு அரிக்கும். வீட்டுக்காரர்கள் ஒரு வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள், வைத்த இடத்தில் வட்டம் விழும். அவன் போன வீடுகளிலெல்லாம் விழுந்திருக்கிறது. இப்போது அவன் வீட்டில் விழுந்திருக்கிறது.

மூணாள் பீரோ. அவளைத் தாராளமாக ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் ரெண்டு. நெம்பினாள் என்பது நிஜமாகவே இருந்தாலும், மிச்சம் ஒன்று. எப்படிக் கழித்தாலும் பூச்சியம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் தேநீர் டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். மறுபடி கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்.

"இன்னொரு வாட்டி யாருன்னு கேட்டீங்கன்னா, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். பரீட்சையும் அங்க இருந்தே எழுதிக்குவேன்."

மூன்று வாரத்தில் அவளுக்குப் பரீட்சை. விட்டுப்போன பள்ளிப்படிப்பை முடிக்க வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்புக்குப் போகிறாள். பெருக்கல் வாய்ப்பாட்டை முனகிக்கொண்டு காய் நறுக்குவாள். வகுப்பில் தினமும் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டேயிருப்பாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்குப் பால்காரர் வரமாட்டார் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள். தராசுக்கு அதில் சந்தேகமில்லை. அவனுக்குச் சந்தேகமில்லாத ஒரே விஷயம் இப்போது அது ஒன்றுதான்.

ஆகவே அவன் அவளைக் கேட்கவில்லை. கீழ்வீட்டு அக்காவைக் கேட்டான். அதையும் நேராகக் கேட்கவில்லை. "நேத்து மேல சத்தம் கித்தம் போட்டு உங்களத் தொந்தரவு பண்ணிட்டாங்களாக்கா?" என்று 'ட்டாங்களா' என்பதைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டான்.

"அய்ய, அதெல்லாம் இல்ல தம்பி. மத்தியானமா டொங்குனு ஒண்ணு ரெண்டு தடவ. அப்புறம் தண்ணி ஊத்துற சத்தம். கொஞ்சம் ஊத்துறது, நிறுத்துறது. கொஞ்சம் ஊத்துறது, நிறுத்துறது." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம் உங்க வீட்டுக்காரி சிரிச்சா பாருங்க. நான் அவ அப்படிச் சிரிச்சு கேட்டதே இல்ல. உங்ககிட்ட பேசிட்டு இருக்கான்னுல்ல நினைச்சேன். நீங்க இல்லையா?"

"நான்தான், நான்தான்" என்று சொல்லிவிட்டு அவன் வேகமாக இறங்கிப் போனான்.

அன்றைக்கு ஒரு மூன்றுமாடி வீட்டைக் காலி செய்தார்கள். தராசு ஒரு சாமானுக்கும் சரியாகக் கணக்குச் சொல்லவில்லை. மனம் முழுக்க வேறு கணக்கு. நேற்று, செவ்வாய்க்கிழமை மத்தியானம், கம்பெனியில் யார் யார் இல்லை? மேஸ்திரி இருந்தார். வண்டி ஓட்டுகிறவர் இருந்தார். ஒட்டகம் இல்லை. பல்வலி என்று பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டான். ஒட்டகத்துக்கு அந்த வீடு தெரியும், அந்த பீரோவும் தெரியும். அவன் கை நீளம், எட்டாத இடத்துக்கும் எட்டும்.

லாரியின் பின்பக்கம் சாய்த்துப் போட்டிருந்த பலகை வழியாகக் குளிர்பெட்டியைத் தள்ளி ஏற்றும்போது தராசு மெதுவாக ஆரம்பித்தான்.

"பல்லு எப்படிடா இருக்கு?"

ஒட்டகம் திரும்பினான். வலது கன்னம் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்ததுபோல வீங்கியிருந்தது. "புடுங்கிட்டாங்க மாப்ள" என்றான் வாயைப் பாதி திறந்து.

"எத்தன மணிக்குப் புடுங்கினாங்க?"

"என்னடா இது, ஜாதகமா எழுதப்போற? அது போய்ச் சேர்ந்துச்சு, விடு."

"இல்ல, சும்மா கேட்டேன். மத்தியானமா, சாயங்காலமா?"

ஒட்டகம் குளிர்பெட்டியை அப்படியே தோளால் தாங்கிக்கொண்டு நின்று அவனை உற்றுப் பார்த்தான். "வாய்க்குள்ள பஞ்ச வெச்சுட்டு மூணு மணி வரைக்கும் அங்கதான் உக்காந்திருந்தேன். எனக்கு முன்னாடி இருந்த கிழவர் மயக்கம் போட்டாரு. சாட்சிக்கு வேணா அவரக் கூட்டிட்டு வரவா?" பிறகு, "தராசு, காலையில இருந்து உன் முள்ளு ஆடுது. என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. தள்ளு."

மூன்று மணி என்றால் அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் இருக்கிறதே என்று அவன் மனம் உடனே எண்ணியது. எண்ணியதும் அவனுக்கே கேவலமாக இருந்தது. கேவலமாக இருந்தாலும் எண்ணுவது நிற்கவில்லை. பலகையில் குளிர்பெட்டி சக்கரமிட்டதுபோல வழுக்கி ஏறியது. நான்கு அடி உயரத்துக்கு ரெண்டாள் சாமானை அவர்கள் ஏறக்குறைய ஒரு கையால் தள்ளிவிட்டார்கள். தராசு அதைக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அதன் மேல் நடந்திருக்கிறான். அது அவனுக்குப் பலகை, அவ்வளவுதான்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அவள் வகுப்புக்குக் கிளம்பியிருந்தாள். ஏழரைக்கு முடியும், ஏழே முக்காலுக்கு வந்துவிடுவாள். சாப்பாடு மூடி வைத்திருந்தது. சன்னலும் மூடாமல் திறந்து வைத்திருந்தது. தராசு போய் நின்று பார்த்தான். இந்தச் சன்னலிலிருந்து யார் தெரிகிறார்கள்? எதிர்வீட்டு மொட்டைமாடி, கொடியில் இரண்டு துண்டு. கீழே தெருமுனை வரைக்கும். ஒரு பூனை. யாரையும் பார்ப்பதற்காகத் திறந்த சன்னல் மாதிரித் தெரியவில்லை. சன்னலுக்குக் கீழே தரையில் ஒரு பாய், பென்சில் சீவிய சுருள்கள், ஒரு நோட்டு.

அடுத்தவர் நோட்டை எடுத்துப் படிக்கிற ஆள் இல்லை அவன். எத்தனை வீட்டு அலமாரிகளைத் தூக்கியிருக்கிறான், ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. ஆனால் நோட்டை எடுத்தான். அவள் எழுத்து குண்டு குண்டாக, ஒவ்வொன்றும் பயந்து பயந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. கடைசிப் பக்கங்களுக்குத் திருப்பினான்.

'சனி. முதல் முயற்சி. சட்டத்தின் நடுவில் செங்கல் வைத்தேன். பீரோ அசையவில்லை. தவறு என்னுடையதா செங்கல்லுடையதா தெரியவில்லை.

இரண்டாவது முயற்சி. செங்கல்லைப் பீரோவை நோக்கி ஒரு சாண் தள்ளினேன். பீரோ முனகியது. அல்லது முனகியது நானா?

ஞாயிறு. நான்காவது முயற்சி. செங்கல் நெருங்க நெருங்கப் பீரோ இளைத்துக்கொண்டே வருகிறது. புத்தகத்தில் போட்டிருப்பது நிஜம்தான். ஆனால் இதில் ஏமாற்று ஏதோ இருக்கிறது என்றும் தோன்றுகிறது. கனம் எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் நிறைய தூரம் அழுத்துகிறேன், பீரோ கொஞ்சம்தான் எழுகிறது. கனம் தூரமாக மாறிவிடுகிறது போல. சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை.

ஐந்தாவது முயற்சி. ஒரு கையால் அழுத்தினேன், எழுந்துவிட்டது. ஆனால் என் கை குழாய் வரைக்கும் எட்டவில்லை. இரண்டாவது ஆள் வேண்டும். அவரிடம் கேட்கப்போவதில்லை. இரண்டாவது ஆளுக்கு என்ன செய்வது? நாளை வகுப்பு முடிந்ததும் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.'

அத்தோடு நோட்டு முடிந்திருந்தது. பின் அட்டை. அடுத்த நோட்டு அவள் பையில், அவளோடு போயிருந்தது.

தராசு பாயில் உட்கார்ந்துவிட்டான். அவரிடம் கேட்கப்போவதில்லை. அந்த 'அவர்' தான்தான். அப்படியானால் யாரிடம் கேட்டாள்? இரண்டாவது ஆளை வகுப்பிலிருந்து கூட்டி வந்தாளா? அந்த வாத்தியாரை அவன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறான். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் சாக்பீஸ் தூள். முக்கால் ஆள்கூடத் தேறமாட்டார். ஆனால் குழாயைச் செருக முக்கால் ஆள் போதுமே. சிரிக்கவைக்கக் கால் ஆள் போதும்.

அவள் வந்ததும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். போனால் போகட்டும். ஆனால் கேட்பதற்கு முன்னால், தனியாக இது ஆகாது என்று தன் கையாலேயே செய்து பார்த்துவிட வேண்டும். அப்புறம் அவள் எந்த வாயால் எதைச் சொன்னாலும் எடுபடாது.

கதவுக்குப் பின்னாலிருந்த குழாய்த் துண்டைப் பீரோவின் ஓரமாகப் போட்டான், செங்கல்லையும் சட்டத்தையும் எடுத்தான். ஆளைவிட ஒரு முழம் நீளம். பீரோவின் வலதுபக்கம், சன்னல் பக்கமாக நின்று, அடித்தகட்டுக்குக் கீழே இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் முனையைக் கொடுத்தான். செங்கல்லைச் சட்டத்தின் நடுவில் வைத்தான். மறுமுனையில் முழு எடையையும் போட்டு அழுத்தினான். சட்டம் கிரீச்சிட்டது. பீரோ ஒரு நூல் எழுந்து உட்கார்ந்தது. பார்த்தாயா என்று யாரிடமோ சொல்வதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டான். என்னாலேயே முடியவில்லை.

ஆனால் அவன் கைக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடம் பாரத்தோடு பழகிய கை. செங்கல் அங்கே இருக்கக் கூடாது என்று அதற்கு முதலிலேயே தெரியும். தோற்கிற இடமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். அதை அவனால் மறைக்க முடியவில்லை, ஏனென்றால் அறையில் வேறு யாரும் இல்லை.

செங்கல்லை ஒரு சாண் தள்ளினான். பிறகு இன்னொரு சாண். பிறகு பீரோவை ஒட்டியே, நான்கு விரல் இடம் மட்டும் விட்டு வைத்தான். மறுமுனை இடுப்புயரத்துக்கு எழுந்து நின்றது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தையின் தலையை அழுத்துவதுபோல மெல்ல அழுத்தினான்.

பீரோ எழுந்தது.

சத்தமில்லாமல், தூக்கத்தில் ஒருக்களித்துப் படுப்பதுபோல, இரண்டு விரற்கடை எழுந்தது. கண்ணாடியில் சன்னலும் வானமும் சற்றே சாய்ந்தன. தராசுக்குத் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கேட்காமல் வந்தது. வெறும் அறையில், தன்னந்தனியாக, அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் கீழே அக்கா இருப்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

சரி, சிரிப்புக்குக் கணக்குத் தீர்ந்தது. குழாய்க்குத் தீரவில்லையே.

குழாய்த் துண்டு ஆறடி தள்ளி பீரோவின் ஓரமாகக் கிடந்தது. ஒரு கையைச் சட்டத்தில் வைத்தபடி மறுகையை நீட்டினான். எட்டவில்லை. உடம்பை வளைத்தான், எட்டவில்லை. ஒட்டகத்தின் கைக்குக்கூட எட்டாது. தான் சொன்னதுதான் சரி என்று ஒரு கணம் கசப்பாக ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியோடு நிறுத்தியிருக்கலாம். வலது காலை நீட்டி, கட்டைவிரலால் குழாயை மெல்ல உருட்டிப் பார்த்தான். உருண்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினான். எழுந்திருந்த பீரோவுக்கு அடியில் அது கோணலாகப் போய், முன்பக்க மரச்சட்டத்தின் கீழே மட்டும் சிக்கிக்கொண்டு நின்றது. காலால் இழுத்தான், வரவில்லை.

இப்போது கையை விட்டால் பீரோ ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சாயும். மேலே அட்டைப்பெட்டிகள். கதவில் கண்ணாடி. விடக் கூடாது.

கைக்குக் கனமே தெரியவில்லை. ஒரு பை அரிசியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் இருந்தது. இரண்டு விரலால்கூடப் பிடிக்கலாம். விடத்தான் முடியாது. மூணாள் பீரோவைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்குக் குனிந்தபடி, தராசு அறையைச் சுற்றிப் பார்த்தான். உதவிக்கு ஏதாவது இருக்கிறதா? இந்த முனையில் ஒரு பாரத்தை வைத்துவிட்டால் போதும், தான் போய் இரண்டு கையாலும் குழாயை நேராக்கிவிடலாம். பாரம் என்றால் ரொம்ப வேண்டாம், தன் உள்ளங்கை கொடுக்கிற அளவு. அம்மிக்கல் அடுப்படியில் இருந்தது. செங்கற்கள் மொட்டைமாடியில் இருந்தன.

சட்டத்தின் முனையைப் பார்த்தான். அங்கே விளிம்பில், கத்தியால் வெட்டியதுபோலச் சின்னதாக ஒரு பள்ளம். புதிதாக வெட்டியது. பள்ளத்துக்குக் கீழே, மரத்தில் வரிவரியாக ஈரம் வழிந்து காய்ந்த கறை. அதற்கும் கீழே தரையைப் பார்த்தான்.

சட்டத்தின் முனைக்கு நேர் கீழே, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததுபோல, அந்த வெள்ளை வட்டம் இருந்தது.

கொஞ்சம் ஊத்துறது, நிறுத்துறது. கொஞ்சம் ஊத்துறது, நிறுத்துறது. வாளியை அந்தப் பள்ளத்தில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு குவளையாக ஊற்றி, பீரோ எழுகிறதா எழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பயந்து பயந்து உட்காரும் அந்தக் குண்டெழுத்தைப் போல. எழுந்ததும் சிரித்திருக்கிறாள். பிறகு வாளியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு போய்க் குழாயைச் செருகியிருக்கிறாள். மூலைக்கு வந்து சேர்ந்ததும், இங்கே அதே வாளியை மறுபடி மாட்டித்தான் குழாய்களை உருவியிருக்கிறாள்.

குளியலறை பத்தடி தூரத்தில் இருந்தது. வாளி அதற்குள் இருந்தது.

மணி என்ன என்று தெரியவில்லை. சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெருவில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். கூப்பிடலாம். கூப்பிட்டால் மேலே வருவார்கள், வந்து பார்ப்பார்கள். என்ன என்று கேட்பார்கள். எதிர்வீட்டுக் கொடியிலிருந்து துண்டுகளை யாரோ உருவினார்கள். தெருவிளக்கு எரிந்தது. பிறகு தெருமுனையிலிருந்து ஒரு குடை, ஒரு துணிப்பை, தனியாக. கூட யாரும் இல்லை. கூட யாராவது வருகிறார்களா என்று தான் பார்த்ததை அவன் கவனித்தான்.

அவள் வீட்டுக்கு நேராக வந்ததும் தலையைத் தூக்கினாள். சன்னலில் தெரியும் அவன் தலையைப் பார்த்தாள். நின்றாள். பிறகு நடந்தாள். படியில் காலடி கேட்டது. கீழ்வீட்டு அக்காவின் குரல் என்னவோ கேட்டது, அவள் என்னவோ பதில் சொன்னாள். கதவு திறந்தது.

அறை வாசலில் வந்து நின்றாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சட்டத்தைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், கோணலாகக் கிடந்த குழாயைப் பார்த்தாள், பாயில் விரித்தபடி கிடந்த நோட்டைப் பார்த்தாள். நோட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். கடைசியாகத்தான் அவனைப் பார்த்தாள்.

"யாரு வந்தா?" என்றாள்.

"யாரும் வரல."

"பீரோ எந்திரிச்சு நிக்குதே."

"நான்தான் தூக்கினேன்."

"தனியாவா?"

"ம்."

"மூணாள் பீரோவாச்சே" என்றாள் அவள். குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினான். இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினான்.

"வாளி" என்றான். மேலே சொல்ல வரவில்லை. "வாளிய நான் நினைக்கல."

அவள் திரும்பி நடந்தாள். வாசல் பக்கமா, குளியலறைப் பக்கமா என்று அவன் குனிந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குளியலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெறும் வாளியில் தண்ணீர் விழுந்தது. முதலில் தகரத்தில் அறைவதுபோல, பிறகு கொஞ்சம் தணிந்து, பிறகு இன்னும் தணிந்து. பன்னிரண்டு வருடம் கனத்தைக் காதாலும் கேட்டுப் பழகியவன் அவன். கால் வாளி. அரை வாளி. அரை வாளி போதும் என்று உள்ளங்கை சொல்லியது. சத்தம் நிற்கவில்லை. முக்கால் வாளி. சட்டத்தின் முனையைப் பிடித்தபடி, காலடியில் இருந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவன் காத்திருந்தான். வாளி நிறைந்து, விளிம்பு வழிந்து, தண்ணீர் தரையில் விழுகிற சத்தமும் கேட்க ஆரம்பித்தது. அதற்கு ஊடே படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. குழாயை யாரும் மூடவில்லை.